கை தாங்குகிற லென்ஸ்

2019 தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, தனுஷ்கோடிச் சாலையில் கோதண்டராமர் கோயிலைச் சுற்றியுள்ள ஆழமற்ற நீர்ப்பரப்பின் ஓரமாக நின்றுகொண்டு, புதிதாக வாங்கியிருந்த 150-600 மி.மீ. ஜூம் லென்ஸை முதன்முதலாக முகத்துக்கு நேரே உயர்த்தினேன். தொலைவில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. வாடைக்காற்று விடாமல் வீசிக்கொண்டிருந்தது. லென்ஸும் கேமராவும் சேர்ந்து ஏறக்குறைய 2.7 கிலோ எடை. முதல் பத்து நிமிடங்கள் எல்லாம் சரியாகவே நடந்தன. அதன் பிறகு இடது முழங்கை விலாவை விட்டு விலகத் தொடங்கியது, காட்சித் திரைக்குள் பறவைகள் துள்ளின, காற்று லென்ஸின் முனையிலுள்ள வெயில் மறைப்பைப் பிடித்து இழுத்த ஒவ்வொரு முறையும் குறி தப்பியது. கால் மணி நேரம் கழித்துக் கையை இறக்கி ஓய்வெடுத்த வேளையில்தான் கூட்டம் முழுவதும் எழுந்து, சிறகடியின் செந்நிறத்தையும் கறுப்பையும் விரித்துக் காட்டியபடி எங்கள் தலைக்கு மேலே கடந்துபோனது. நான் கேமராவை மீண்டும் உயர்த்துவதற்குள் அவை பாக் நீரிணைப் பக்கம் சிறு கோடாகிவிட்டன.

அன்றிலிருந்து இந்தக் கடற்கரையில் கேமராவைக் கையில் ஏந்திப் பறவைகளைப் படமெடுத்து வருகிறேன். இடையில் ஒரு லென்ஸை விற்று, ஒன்றை வாங்கி, இரண்டை வாடகைக்கு எடுத்துப் பார்த்திருக்கிறேன். தொலைவில் உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் டெலி லென்ஸ் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, குவியத் தூரம் எத்தனை மில்லிமீட்டர் வேண்டும் என்பதே. இந்தக் கரையில் அது இரண்டாவது கேள்வியாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எவ்வளவு நேரம் காற்றுக்கு எதிரே நடுங்காமல் பிடித்திருக்க முடியும் என்பதே முதல் கேள்வி.

மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிப்பவள் என்பதால், அன்று எனக்கு நேர்ந்ததன் காரணத்தைத் தராசில் தேடாமல் நெம்புகோலில் தேடினேன். கையை அயரவைப்பது எடை மட்டுமன்று. அந்த எடை உடலிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதும் சேர்ந்த திருப்புத்திறன்தான் தோளைச் சோதிக்கிறது. நீண்டு வெளிவரும் ஜூம் லென்ஸை 600 மி.மீ.க்கு இழுத்தால், முன்பக்கத்துக் கனமான கண்ணாடிகள் இன்னும் தள்ளிப் போகின்றன, எடைமையம் முன்னால் நகர்கிறது, அதே இரண்டு கிலோ இன்னும் கூடுதலாகக் கனக்கிறது. நீளம் மாறாமல் உள்ளுக்குள்ளேயே ஜூம் ஆகும் சோனி 200-600 லென்ஸை ஒருமுறை வாடகைக்கு எடுத்தபோது, 2.1 கிலோவைத் தாண்டும் அதன் எடையை மீறியும் அது என் கையில் நிலையாக நின்றதற்கு இந்த அமைப்பே காரணம். ஆகவே விவரப்பட்டியலில் உள்ள எடையை மட்டும் படித்துவிட்டு முடிவு செய்வது போதாது.

கடைக்குப் போவதற்கு முன்பே வீட்டில் செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றை நிரப்பி, இடது கையால் அடியில் தாங்கி, கேமரா பிடிப்பதுபோல் முகத்துக்கு நேராக அரை நிமிடம் பிடியுங்கள். பத்து விநாடி இறக்கிவிட்டு மறுபடி பிடியுங்கள். இப்படி இருபது முறை. மொட்டைமாடியில் காற்றுள்ள மாலையில் செய்தால் இன்னும் நல்லது. பன்னிரண்டாவது முறையிலேயே தோள் எரிகிறது என்றால், இரண்டு கிலோ லென்ஸ் உங்களைக் கேமரா முக்காலியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். கடையில் லென்ஸைக் கையில் கொடுத்ததும் எதிர்ச்சாரியில் உள்ள பெயர்ப்பலகையில் ஓர் எழுத்தை மட்டும் குறிவைத்து ஒரு நிமிடம் நில்லுங்கள். எந்த விநாடியில் அந்த எழுத்து ஆடத் தொடங்குகிறதோ, அதுவரைதான் அந்த லென்ஸ் உங்களுக்கு உரியது.

அப்படியானால் நீளம், அதாவது கூடுதல் மில்லிமீட்டர், வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும், ஆனால் அது எவ்வளவு தருகிறது என்பதைக் கணக்குப் போட்டே அறிந்துகொள்ள வேண்டும். சென்சரில் விழும் பிம்பத்தின் அளவு, பறவையின் அளவைக் குவியத் தூரத்தால் பெருக்கிப் பறவைக்கும் நமக்கும் உள்ள தூரத்தால் வகுத்தால் கிடைத்துவிடும். 1.3 மீட்டர் உயரமுள்ள பூநாரை 150 மீட்டர் தொலைவில் நின்றால், 600 மி.மீ. லென்ஸில் அதன் பிம்பம் 5.2 மி.மீ. உயரம், 400 மி.மீ. லென்ஸில் 3.5 மி.மீ. என் கேமராவின் சிறிய வகை (கிராப்) சென்சர் 15 மி.மீ. உயரமுடையது. ஆக, ஒன்றில் படத்தின் மூன்றில் ஒரு பங்கு உயரம், மற்றதில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. இரண்டிலும் அது நீர்நிலையோடு சேர்ந்த படம்தான். இறகு எண்ணும் படம் இரண்டிலும் கிடைக்காது. பூநாரைகளை நெருங்கிச் செல்வதற்கும் இடமில்லை. 2025இல் தமிழ்நாடு அரசு தனுஷ்கோடியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறது. அறிவிக்காத காலத்திலும் மேயும் கூட்டத்தை எழுப்பிவிட்டுப் படமெடுப்பது தவறுதான்.

இப்போது இன்னொரு கணக்கு. ஈரமணலில் ஓடி ஓடி நிற்கும் உப்புக்கொத்தி ஏறக்குறைய 20 செ.மீ. நீளம். நின்றபடி நடந்து சென்றால் அது என்னை 25 மீட்டருக்குள் விடுவதில்லை. அந்தத் தூரத்தில் 600 மி.மீ. லென்ஸ் தரும் பிம்பம் 4.8 மி.மீ. ஆனால் மணலில் படுத்து, முழங்கைகளால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, பின் அசையாமல் கிடந்தால் பறவை தானாகவே 12 மீட்டருக்குள் வந்து இரை தேடுகிறது. அப்போது 400 மி.மீ. லென்ஸ் தரும் பிம்பம் 6.7 மி.மீ. அதாவது குறைந்த நீளமுள்ள லென்ஸ், கூடுதல் நீளமுள்ளதைவிடப் பெரிய படத்தைக் கொடுத்திருக்கிறது. இரண்டு கிலோ லென்ஸோடு முழங்கையால் ஊர்ந்து போக என்னால் முடியவில்லை. ஒன்றேகால் கிலோ லென்ஸோடு முடிந்தது. பறவையின் கண்மட்டத்துக்கு இறங்கியதால் பின்புலமும் மங்கி அழகாக விலகியது. இந்த ஒரு கணக்குதான் என்னை 600 மி.மீ. ஆசையிலிருந்து விடுவித்தது.

மண்டபம், பாம்பன் மீன்பிடித் துறைகளில் நிலைமை நேர் எதிரானது. வலையிலிருந்து கழிக்கப்படும் மீன்களுக்காகச் செம்பருந்துகள் 15 மீட்டருக்கு உள்ளேயே பாய்ந்து வருகின்றன. அதன் சிறகு விரிப்பு ஒரு மீட்டருக்கு மேல். அந்தத் தூரத்தில் 400 மி.மீ. லென்ஸில் சிறகின் இரு நுனிகளும் சட்டகத்துக்கு வெளியே போய்விடும். 250 மி.மீ. அளவே அங்குப் போதும். துறைகளில் மட்டும் படமெடுப்பவர் 70-300 மி.மீ. லென்ஸோடு நிறைவாக இருக்கலாம்.

இனி, நான் செய்த ஒரு பெரும் பிழையைச் சொல்ல வேண்டும். முதல் லென்ஸில் எடுத்த படங்களில் பாதிக்கு மேல் தெளிவில்லாமல் இருந்தன. பூநாரையின் கழுத்து பஞ்சுபோல் விளிம்பின்றித் தெரிந்தது. லென்ஸில் குறை என்று முடிவுகட்டி, பழுதுபார்க்கும் கடை ஒன்றில் கொடுத்தேன். மூன்று வாரங்கள் வைத்திருந்து, உள்ளே சரிசெய்துவிட்டதாகக் கூறிப் பணம் வாங்கிக்கொண்டார்கள். படங்களில் எந்த மாற்றமும் இல்லை. பிறகு ஒரு நாள் காலை ஆறரை மணிக்கும் பத்து மணிக்கும் அதே இடத்தில், அதே தூரத்தில் நட்டிருந்த ஒரு கம்பத்தைப் படமெடுத்து இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். காலைப் படத்தில் கம்பத்தின் மர இழைகள் தெரிந்தன. பத்து மணிப் படத்தில் கம்பமே நெளிந்திருந்தது. பழுது லென்ஸில் இல்லை, வெயில் ஏறிய மணலுக்கு மேலே கொதித்துக்கொண்டிருந்த காற்றில் இருந்தது. நெய்தல் பாடல்களில் கானல் என்ற சொல் கடற்கரைச் சோலையைக் குறிக்கும். வழக்கில் அதே சொல் வெயிலில் நெளியும் தோற்றத்தைக் குறிக்கிறது. தனுஷ்கோடி மணலில் இரண்டு பொருளும் ஒரே இடத்தில் நிற்கின்றன.

இந்தக் கானலை எந்த விலையுள்ள லென்ஸாலும் வெல்ல முடியாது. வெவ்வேறு வெப்பநிலையில் உள்ள காற்றுக் கற்றைகள் ஒளியை வெவ்வேறாக வளைக்கின்றன; இடைத்தூரம் கூடக்கூட வளைவும் கூடுகிறது; நீளமான லென்ஸ் அந்த நெளிவையும் சேர்த்தே பெரிதாக்கிக் காட்டுகிறது. பிப்ரவரி கடந்துவிட்டால் எட்டரை மணிக்கு மேல் தொலைவுப் படங்களை நான் முயல்வதே இல்லை. ஒரு லென்ஸைக் குறை சொல்வதற்கு முன் நிழலில், எட்டு அல்லது பத்து மீட்டர் தொலைவில், ஒரு செய்தித்தாளைச் சுவரில் ஒட்டிப் படமெடுத்துப் பாருங்கள். எழுத்து கூர்மையாக இருந்தால் லென்ஸ் நலமாக இருக்கிறது. எனக்கு யாரேனும் அன்றே இதைச் சொல்லியிருந்தால் அந்தப் பணமும் மூன்று வாரங்களும் மிஞ்சியிருக்கும். வலசைக் காலத்தில் மூன்று வாரம் என்பது சிறிய இழப்பன்று.

2020 இறுதியில் அந்த ஜூமை விற்றுவிட்டு, கேனான் 400 மி.மீ. எஃப் 5.6 பிரைம் லென்ஸை, அதாவது ஜூம் ஆகாத ஒரே நீள லென்ஸை, பழையதாக வாங்கினேன். 1993இல் வெளிவந்த வடிவமைப்பு, 1,250 கிராம், வெயில் மறைப்பு அதனோடே இணைந்து இழுத்து நீட்டும்படி அமைந்தது, ஃபில்டர் அளவு 77 மி.மீ. தான், 95 மி.மீ. ஃபில்டர் வாங்கிச் சலித்த எனக்கு அதுவே ஒரு நிம்மதி. அதில் அதிர்வுத் தடுப்பு கிடையாது என்பதைக் கேட்டதும் பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அதிர்வுத் தடுப்பு நம் கையின் நடுக்கத்தைத்தான் ஈடுசெய்யும். பறவையின் சிறகடிப்பை அது நிறுத்தாது. பறக்கும் ஆலா என்ற கடற்பறவையைப் படத்தில் உறையவைக்க எப்படியும் 1/2000 விநாடிக்கு மேற்பட்ட ஷட்டர் வேகம் வேண்டும். தெளிந்த வெயிலில் சென்சரின் ஒளியுணர்வை ஐஎஸ்ஓ 400 என்றும், ஒளி நுழையும் துளையை எஃப் 5.6 என்றும் வைத்தாலே இந்தக் கரையில் 1/3200 கிடைக்கிறது. அந்த வேகத்தில் என் கை நடுக்கம் படத்தில் பதிவதே இல்லை. வெயில் இங்கே நமக்குக் கிடைத்திருக்கும் செல்வம். அதைப் பயன்படுத்தத் தெரிந்தால் லென்ஸின் எடையில் ஒரு பகுதியைக் குறைத்துவிடலாம்.

இந்தத் தேர்வின் குறையையும் மறைக்கக் கூடாது. மழைக்கால மேகமூட்டத்தில் விடிகாலை, சக்கரக்கோட்டைக் கண்மாய்க்கோ, காஞ்சிரங்குளம், சித்திரங்குடி சரணாலயங்களுக்கோ போனால் இந்த லென்ஸ் தடுமாறுகிறது. கருவேல மரத்துக் கூட்டில் அசையாமல் நிற்கும் மஞ்சள்மூக்கு நாரையை அதிர்வுத் தடுப்புள்ள லென்ஸ் 1/100 விநாடியில்கூட எடுத்துவிடும். எனக்குக் குறைந்தது 1/640 வேண்டும், ஆகவே ஐஎஸ்ஓ 3200க்குப் போக வேண்டியிருக்கிறது, இறகின் நுண்கோடுகள் புள்ளிமணலாகிவிடுகின்றன. கரையோரத்து மரத்தில் தோளைச் சாய்த்தும், பயறு நிரப்பிய துணிப்பையைக் காரின் ஜன்னல் விளிம்பில் வைத்தும் ஓரளவு சமாளிக்கிறேன். கண்மாய்ப் பறவைகள்தான் முதன்மை என்பவர்கள் நான் வாங்கியதை வாங்கக் கூடாது. கேனான் 100-400 இரண்டாம் பதிப்பு ஏறக்குறைய 1.6 கிலோவில் நல்ல அதிர்வுத் தடுப்போடு கிடைக்கிறது. நிக்கான் வைத்திருப்பவர்களுக்கு 500 மி.மீ. எஃப் 5.6 பிஎஃப் லென்ஸ் 1,460 கிராமில் இருக்கிறது, விலை அதிகம். மிரர்லெஸ் கேமராவுக்கு மாறியவர்களுக்கு கேனான் ஆர்எஃப் 100-500 இருக்கிறது. ஆர்எஃப் 100-400 வெறும் 635 கிராம்தான்; அதன் நீள முனையில் துளை எஃப் 8 ஆகச் சுருங்கிவிடும் என்றாலும், எங்கள் ஊர் வெயிலில் அது ஒரு பெரிய தடையன்று. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே பொருத்தி நீளத்தைக் கூட்டும் டெலிகன்வர்ட்டரைப் பற்றி ஒரு வரி போதும்: 1.4 மடங்கு கன்வர்ட்டர் ஒரு ஸ்டாப், அதாவது பாதி, ஒளியை எடுத்துக்கொள்ளும், பல பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் எஃப் 8க்கு வந்ததும் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது.

அதிர்வுத் தடுப்பின்றிப் படகில் எப்படி எடுப்பது என்ற அச்சம் எனக்கும் இருந்தது. தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்தும் படகில் அலையாத்திக் காட்டைச் சுற்றிவிட்டுத் திறந்த கடலின் ஓரம் வந்தபோது, மூங்கில் கம்பின் மேல் விரால் அடிப்பான் என்ற மீன்பிடிப் பருந்து ஒன்று மீனைக் கிழித்துக்கொண்டிருந்தது. படகின் விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நான் படாதபாடு பட்டேன். படகோட்டி அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு எஞ்சினை நிறுத்தினார்.

"டீச்சர், கையைப் பலகையில ஊன்றாதீங்க. படகு ஆடுறது பூராவும் கேமராவுக்குப் போயிரும். இடுப்பைத் தளத்தி உக்காருங்க."

"உக்காந்தாலும் ஏறி இறங்குதே அண்ணே?"

"ஏறி முடிஞ்சு இறங்குறதுக்கு முன்னால ஒரு நொடி நிக்கும் பாருங்க. அப்ப எடுங்க. அலையோட மல்லுக்கட்டாதீங்க."

ஊசலின் இரு முனைகளிலும் திசைவேகம் சுழியாகிறது என்று ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவள் நான். அலையின் உச்சியில் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. அவருக்கு உடம்பிலேயே இருந்தது. கால்களை அகற்றி ஊன்றி, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, படகு உச்சிக்கு வரும் கணத்தில் மட்டும் மூன்று மூன்று படங்களாக எடுத்தேன். விரால் அடிப்பானின் மஞ்சள் கண்ணும் மீனின் செதிலும் தெளிவாக விழுந்தன. படகில் முக்காலி விரிப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். எஞ்சின் அதிர்வு அதன் கால் வழியாக ஏறிவிடும். மனித உடம்பைப்போல் அதிர்வை உறிஞ்சும் தாங்கி படகில் வேறொன்றும் இல்லை.

உப்பையும் மணலையும் மறந்துவிட்டு இந்தக் கரைக்கு லென்ஸ் வாங்க முடியாது. நீண்டு சுருங்கும் ஜூம், ஒவ்வொரு முறை நீளும்போதும் வெளிக்காற்றை உள்ளிழுக்கிறது; தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையில் அந்தக் காற்றோடு உப்பும் பொடிமணலும் வருகின்றன. என் பழைய ஜூமின் வளையம் இரண்டாம் ஆண்டிலேயே நறநறத்தது. பிரைம் லென்ஸிலும் உள்ளே ஜூம் ஆகும் லென்ஸிலும் இந்தத் தொல்லை குறைவு. மணல்வெளியில் லென்ஸ் மாற்றுவதை நான் அடியோடு விட்டுவிட்டேன். வீடு திரும்பியதும் முதலில் ஊதுபந்தால் மணலை ஊதிவிட வேண்டும், அதன் பின் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் லென்ஸின் உடலைத் துடைக்க வேண்டும், கடைசியாக உலர்ந்த துணி. இந்த வரிசை மாறினால் ஒட்டியிருக்கும் மணலே லென்ஸைக் கீறும். முன்கண்ணாடிக்கு ஒரு பாதுகாப்பு ஃபில்டர் வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கடலோரத்தில் நான் அதைக் கழற்றுவதில்லை. இரவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இறுக்கமாக மூடும் டப்பாவில் வைத்தால் பூஞ்சை அண்டாது. தோல் பையில் மூடி அலமாரியில் வைப்பது பூஞ்சைக்குப் பாய் விரித்துக் கொடுப்பதாகும்.

பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் இருட்டறையில் செல்போன் விளக்கைப் பின்பக்கத்திலிருந்து அடித்து முன்பக்கம் பார்க்க வேண்டும். சிலந்தி நூல்போல் இழை தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். கேமராவோடு இணையும் உலோக வளையத்துத் திருகாணிகளில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே துரு இருந்தால் அந்த லென்ஸ் கடலோரத்தில் கவனிப்பின்றி வாழ்ந்திருக்கிறது என்று பொருள். நான் வாங்கிய 400 மி.மீ. லென்ஸின் உற்பத்தி நின்றுவிட்டது. பழுதானால் உதிரிபாகம் கிடைப்பது அரிது என்பதை அறிந்தேதான் வைத்திருக்கிறேன்.

எங்கள் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தாவரவியல் ஆசிரியை நிக்கான் மிரர்லெஸ் கேமரா வைத்திருக்கிறார். 180-600 மி.மீ. லென்ஸை வாங்கப் பணம் சேர்த்திருக்கிறார். உள்ளே ஜூம் ஆகும் நல்ல லென்ஸ்தான். ஆனால் தாங்கும் வளையத்தைக் கழற்றினாலும் இரண்டு கிலோவுக்குச் சற்றே குறைவு. "அக்கா, எனக்குக் கை வலிக்காது" என்று அவர் உறுதியாகச் சொன்னார். கடந்த வாரம் அவர் வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர் பாட்டிலோடு இருவரும் நின்றோம். கச்சான் காற்று நன்றாகவே வீசிக்கொண்டிருந்தது. இருபது முறையையும் முடித்துவிட்டு, பாட்டிலைக் கீழே வைக்காமலே இன்னும் ஐந்து முறை பிடித்தார். அவர் கைக்கு அது பொருந்தும் என்று நானும் ஒப்புக்கொண்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து அந்த லென்ஸை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, காலை ஆறு மணிக்குக் காரங்காட்டில் அதே அண்ணனின் படகில் ஏறுகிறோம்.